மரு கேன்சராகுமா? வைரஸும் தோல் புற்றுநோயும் பற்றி மருந்துக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் நடுவே ரோட்டோரம் என் மருந்துக்கடை. பஸ்ஸை விட்டு இறங்கி வருகிறவர்களில் பாதிப்பேர் என்னை ‘அக்கா’ என்பார்கள், மீதிப்பேர் ‘சேச்சி’ என்பார்கள். இரண்டு பாஷையிலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். கையை நீட்டிக் காட்டிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “இது மற்றதாக ஆகிவிடாதே?” என்பார்கள். ‘மற்றது’ என்றால் கேன்சர். வாயால் சொன்னால் வந்துவிடுமோ என்று பயம். இத்தனை வருஷத்தில் கவுண்டருக்கு அந்தப் பக்கமிருந்து வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். நோயைக் கண்டுபிடிப்பது என் வேலையும் இல்லை. எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்புவேன்.

கையில் ஒரு மரு வந்திருக்கிறது. அப்படியே விட்டால் கேன்சராகுமா?

ஆகாது. விரல், முட்டி, பாதம் இங்கெல்லாம் வரும் சாதாரண மரு, நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களிடம் கேன்சராக மாறும் என்று பயப்படத் தேவையே இல்லை.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், மருவை உண்டாக்குவது ஹெச்.பி.வி. என்கிற வைரஸ். டி.வி.யில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பற்றிச் சொல்லும்போதும் இதே பெயர்தான் வருகிறது. கேட்டவர்களுக்குத் திக்கென்று ஆகிவிடுகிறது. ஆனால் ஹெச்.பி.வி. என்பது ஒரு வைரஸ் இல்லை, பெரிய குடும்பம். இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள். ஒரே வீட்டுப்பெயர் உள்ள இருநூறு பேரில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் அடிதடிக்காரர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றில் பத்தில் ஏழுக்குக் காரணமான 16, 18ஆம் வகைகள் அந்தக் கூட்டம். கையிலும் காலிலும் மரு வரவழைக்கிற 1, 2, 4, 27, 57 எல்லாம் வேறு கூட்டம். அவை தோலை முரடாக்கும், அசிங்கமாகத் தெரியும், அரிக்கும். அதோடு சரி.

மரு, பாலுண்ணி, அரிம்பாறை, கால் ஆணி எல்லாம் ஒன்றா?

எங்கள் பக்கத்தில் நாலு பெயரையும் நாலு விதமாகக் கலந்து சொல்வார்கள். மலையாளத்தில் அரிம்பாற என்பதும் இங்கே நாம் அரிம்பாறை என்பதும் ஹெச்.பி.வி.யால் வரும் முரட்டு மருதான். கழுத்திலும் அக்குளிலும் மெல்லிய காம்போடு தொங்குவதையும் மரு என்கிறோம். அது வெறும் தோல் தொங்கல், அதில் கேன்சர் பயம் கிடையாது. குழந்தைகளுக்கு நடுவில் குழி விழுந்து முத்து முத்தாக வருவதைப் பாலுண்ணி என்கிறவர்கள் உண்டு. அது அம்மைக் குடும்பத்து வைரஸ் ஒன்றால் வருவது, அதுவும் கேன்சராகாது. கால் ஆணி பெரும்பாலும் செருப்பு அழுத்திக் காய்த்துப்போன தோல். சில சமயம் அதுவே பாதத்து மருவாகவும் இருக்கும். நேராக அழுத்தினால் வலித்தால் ஆணி, இரு பக்கமும் கிள்ளினால் வலித்தால் மரு. நூற்றுக்கு நூறு சரி வராது, ஆனாலும் கடையில் உட்கார்ந்து சொல்ல இது போதும்.

அப்படியானால் வைரஸுக்கும் தோல் கேன்சருக்கும் சம்பந்தமே இல்லையா?

இருக்கிறது. ஆனால் மக்கள் பயப்படுகிற இடத்தில் இல்லை.

நன்றாக நிரூபணமானது மெர்க்கல் செல் புற்று. மிக அபூர்வம், ஆனால் பொல்லாதது. வயதானவர்களுக்கு முகத்திலோ கையிலோ வலியில்லாத ஒரு சிவந்த கட்டி கிடுகிடுவென வளரும். 2008இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் யுவான் சாங், பேட்ரிக் மூர் தம்பதியின் ஆய்வுக்கூடத்தில் அந்தக் கட்டிக்குள் புதிதாக ஒரு வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தப் புற்று வந்தவர்களில் பத்துக்கு எட்டுப் பேரிடம் அது இருக்கிறது. வெயில் கொளுத்தும் ஆஸ்திரேலியாவில் இந்த அளவு வெகுவாகக் குறைகிறது. அங்கே அதே கட்டி வைரஸ் இல்லாமலே, வெயிலால் மட்டும் வருகிறது. ஒரே ஊருக்கு இரண்டு வழி மாதிரி. இன்னொரு விஷயம்: அந்த வைரஸ் பெரியவர்களில் பெரும்பாலோர் உடம்பில் எப்போதோ வந்து தங்கியதுதான். ஒன்றும் செய்யாமல் கிடக்கிறது.

இதே தம்பதிதான் 1994இல் கபோசி சர்கோமா என்கிற இன்னொரு புற்றுக்குக் காரணமான ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸையும் கண்டுபிடித்தவர்கள். அதைப் பற்றிக் கீழே எச்.ஐ.வி. கேள்வியில் சொல்கிறேன்.

மூன்றாவது, ஹெச்.பி.வி. குடும்பத்திலேயே ‘பீட்டா’ என்கிற கிளை. இதுதான் இன்றுவரை ஆராய்ச்சியாளர்கள் வாதாடிக்கொண்டிருக்கிற இடம்.

அந்த பீட்டா வகை என்ன செய்கிறது?

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பீட்டா வைரஸ்கள் நம் எல்லோர் தோலிலும், முடிக்கால்களில், சின்ன வயதிலிருந்தே குடியிருக்கின்றன. மருகூட வரவழைக்காது. வாடகைக்கு இருப்பது தெரியாமலே இருக்கிற குடித்தனக்காரர் மாதிரி.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோல் செல்லின் மரபணுவில் கீறல் போடுகிறது. கீறல் அதிகமான செல் தானாகவே செத்துவிட வேண்டும், அதுதான் உடம்பின் ஏற்பாடு. வெயிலில் காய்ந்தபின் தோல் உரிகிறதே, அதில் அந்தச் சாவும் அடக்கம். பீட்டா வைரஸின் ஒரு புரதம் இந்தத் தற்கொலையைத் தடுத்துவிடுகிறது. கெட்டுப்போன செல் சாகாமல் பெருகுகிறது. பல வருஷம் கழித்துக் கட்டியாகும்போது அதற்குள் வைரஸைத் தேடினால் பல செல்களில் இருக்காது. அடித்துவிட்டு ஓடிய வண்டி மாதிரி. அதனால்தான் குற்றத்தை நிரூபிப்பது இவ்வளவு சிரமமாக இருக்கிறது. கர்ப்பப்பை வாயில் 16ஆம் வகை அப்படி இல்லை, கட்டிக்குள்ளேயே கையும் களவுமாக உட்கார்ந்திருக்கும். அங்கே வைரஸுக்கும் கேன்சருக்கும் இருக்கிற தொடர்பை உறுதிப்படுத்தியதற்காக ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது.

2019இல் வந்த ஓர் ஆய்வு கதையை இன்னும் புரட்டிப் போட்டது. எலிகளில் செய்தது. தோலில் குடியிருக்கிற இந்த வைரஸ்களை அடையாளம் கண்டு வைத்திருக்கும் எதிர்ப்புச் செல்கள், வெயிலால் கெட்டுப்போன செல்களையும் சேர்த்தே அழித்துவிடுகின்றன, ஆகவே வைரஸ் இருப்பதே ஒரு விதத்தில் காவல் என்று அது சொன்னது. அந்தக் காவல் போனபின்தான் ஆபத்து. இதை நம்பினால், எதிரி வைரஸ் இல்லை, எதிர்ப்புச் சக்தி போவதுதான்.

ஆனால் 2025இல் அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்ணின் கதை வெளிவந்தது. வயது 34. நெற்றியில் தோல் கேன்சர், வெட்டி எடுத்தாலும் திரும்பத் திரும்ப வந்தது. பார்த்தால், பீட்டா கிளையின் 19ஆம் வகை அவருடைய கட்டி செல்களின் மரபணுவுக்குள்ளேயே புகுந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவருக்குப் பிறவியிலேயே டி செல்கள் என்கிற எதிர்ப்புச் செல்கள் சரியாக வேலை செய்யாத குறை. எலும்பு மஜ்ஜையிலிருந்து உருவாகும் மூல செல்களை மாற்றி வைத்து எதிர்ப்புச் சக்தியைப் புதுப்பித்தார்கள். கேன்சர் திரும்ப வரவில்லை. அடித்துவிட்டு ஓடும் வைரஸ், காவலே இல்லாத வீட்டில் ஓடாமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டது. வழி எதுவானாலும் கடைசியில் வந்து நிற்கிற இடம் எதிர்ப்புச் சக்திதான்.

‘மரமனிதன்’ என்று வீடியோ வந்தது. அதுவும் மருவா?

ஆமாம். வங்கதேசத்தில் கையெல்லாம் மரப்பட்டை போல வளர்ந்த ஒருவருக்கு 2016 முதல் டாக்காவில் பல தடவை ஆபரேஷன் செய்தார்கள். அந்த நோய்க்கு வாயில் நுழையாத ஒரு பெயர் உண்டு. லெவாண்டோவ்ஸ்கி, லுட்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1922இல் முதலில் எழுதி வைத்தது.

வீடியோவில் வருகிற அளவுக்குப் போவது அபூர்வத்திலும் அபூர்வம். நம் ஊரில் இந்த நோய் இருந்தால் அது தேமல் மாதிரிதான் இருக்கும். நெஞ்சு, கழுத்து, முன்கைகளில் வெளுத்தோ சிவந்தோ தட்டையான திட்டுகள், சின்ன வயதிலேயே தொடங்கும். தேமல் களிம்பு எத்தனை போட்டாலும் போகாது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இது வரும். அதனால் சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களில் வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல். இவர்களுக்கு பீட்டாவின் 5, 8ஆம் வகைகள்தான் பெரும்பாலும் வில்லன். முப்பது நாற்பது வயதில், வெயில் படுகிற நெற்றியிலும் கையிலும் கேன்சர் தொடங்கும். மூன்றில் ஒருவருக்கோ, அதற்கு மேலுமோ.

தேமல் பத்து வருஷமாகப் போகவில்லை என்று யாராவது சொன்னால் நான் களிம்பு கொடுப்பதில்லை, தோல் டாக்டரிடம் அனுப்புகிறேன். பத்தில் ஒன்பது பேருக்கு அது தேமலாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் வீட்டில் ஒருவருக்குக் கிட்னி மாற்றியிருக்கிறது. கையெல்லாம் மரு வருகிறது. என்ன செய்ய?

இந்தப் பக்கத்தை முழுதாகப் படிக்க நேரமில்லாதவர்கள் இந்த ஒரு பதிலையாவது படியுங்கள்.

மாற்றிய கிட்னியை உடம்பு தள்ளிவிடாமலிருக்க எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க வேண்டும். காவலைக் குறைத்ததும் மரு கும்பலாக வரும். அது மட்டும் என்றால் கவலை இல்லை. வெள்ளைத்தோல்காரர்களிடம் செய்த ஆய்வுகளில், மாற்று உறுப்பு வாங்கியவர்களுக்கு செதிள் செல் புற்று என்கிற தோல் கேன்சர் மற்றவர்களைவிடப் பல மடங்கு கூடுதலாக வருகிறது. நார்வேயில் 1999இல் வெளியான ஆய்வு 65 மடங்கு என்றது. நம் கறுப்புத் தோலுக்கு இயல்பிலேயே நிழல் உண்டு, அதனால் அந்த எண் நமக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் நமக்கு வரவே வராது என்று விட்டுவிடவும் முடியாது. அசதியோபிரின் என்கிற மாத்திரை தோலை வெயிலுக்கு இன்னும் கூச்சமுள்ளதாக ஆக்குகிறது. பூஞ்சைக்குக் கொடுக்கும் வோரிகோனசோலும் நீண்டநாள் எடுத்தால் அப்படித்தான்.

செய்ய வேண்டியது: முழுக்கை, தொப்பி அல்லது குடை, நடுப்பகல் வெயிலைத் தவிர்ப்பது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது தோல் டாக்டரிடம் உடம்பு முழுக்கக் காட்டுவது. மருக்களில் ஏதாவது ஒன்று மட்டும் வேகமாக வளர்ந்தால், புண்ணானால், தொட்டால் வலித்தால், ரத்தம் கசிந்தால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் போவது. சிலருக்கு மாத்திரையை சிரோலிமஸுக்கு மாற்றுவார்கள், அதில் தோல் கேன்சர் குறைகிறது. அதை கிட்னி டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ‘இந்த மாத்திரையால்தான் மரு வருகிறது’ என்று யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. கிட்னியையே இழந்துவிடுவீர்கள்.

எச்.ஐ.வி. இருந்தால் தோல் கேன்சர் வருமா?

மருந்து எடுக்காமல் விட்டால் வாய்ப்பு உண்டு. கபோசி சர்கோமா என்பது தோலிலும் அண்ணத்திலும் நாவல்பழ நிறத்தில் திட்டுகளாக வரும். 1872இல் கபோசி என்ற மருத்துவர் எழுதியபோது அது வயதானவர்களுக்கு எப்போதாவது வருகிற நோய். 1981இல் அமெரிக்காவில் இளைஞர்களுக்கு அது வரத் தொடங்கியதும் புதிதாக ஏதோ நோய் வந்திருக்கிறது என்று உலகம் விழித்தது.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் தெரிந்தது 1986இல், சென்னையில். அதன்பின் லட்சக்கணக்கானவர்களுக்கு வந்தும் கபோசி இங்கே அபூர்வமாகவே இருக்கிறது. அதற்குக் காரணமான ஹெர்பிஸ் வைரஸ் நம் மக்களிடம் அவ்வளவாகப் பரவவில்லை. 2004 ஏப்ரலில் தொடங்கி அரசு மையங்களில் கூட்டுமருந்து இலவசம். அதை ஒழுங்காக எடுக்கிறவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி எழுந்து வரும், இந்தத் திட்டுகளும் பலருக்குத் தானாகவே வடிந்துவிடும்.

அக்கி வந்தது. அது பிறகு கேன்சராகுமா?

ஆகாது. அக்கி என்பது சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் பதுங்கியிருந்து மறுபடி எழுவது. வாய் ஓரத்தில் வரும் கொப்புளத்துக்கும் தோல் கேன்சருக்கும்கூட முடிச்சு இல்லை. ஆனால் தலைகீழாக ஒன்று உண்டு: உள்ளே ஏதோ நோயால் எதிர்ப்புச் சக்தி இறங்கியவர்களுக்கு அக்கி சுலபமாக வரும், பரந்தும் வரும்.

காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்வதை நான் தடுப்பதில்லை. எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்த்து மாத்திரையும் தொடங்குங்கள். முடிந்தபின் மாதக்கணக்கில் நிற்கிற அந்த எரிச்சலைக் காவி தீர்க்காது.

மறைவிடத்தில் மரு. கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பரவாயில்லை. மறைவிடத்தில் பூக்கோசு போல வருவது பெரும்பாலும் 6, 11ஆம் வகைகள், அவை கேன்சர் வகைகள் இல்லை. ஆனால் அதே வழியாக 16ஆம் வகையும் கூடவே வந்திருக்கலாம். ஆண்குறிப் புற்றில் ஏறத்தாழ பாதி ஹெச்.பி.வி. சம்பந்தப்பட்டது, ஆசனவாய்ப் புற்றில் பெரும்பகுதி. முன்தோல் பின்னால் போகாத ஆண்கள், அதற்குள் ஆறாத புண் இருந்தால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. பெண்கள் மரு இருக்கிறதோ இல்லையோ கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கை மருவுக்குப் போடும் ஆசிட்டை இங்கே போட்டுவிடாதீர்கள். ஒருவர் போட்டுவிட்டு நடக்க முடியாமல் ஆட்டோவில் வந்தார்.

இதனோடு சேர்த்தே ஒன்று: நகத்தைச் சுற்றி ஒரே ஒரு விரலில், வருஷக்கணக்கில் போகாத மரு, வயதானவருக்கு. இதை மரு என்றே நினைத்துச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். 16ஆம் வகை சில சமயம் விரலுக்கும் வந்து அங்கே கேன்சரைத் தொடங்கிவிடும். ஒரு தடவை சதை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டால் தோல் கேன்சரும் வராதா?

அதற்காகப் போடுவதில்லை. 2023இல் கடைக்கு வந்த நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக் 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளைத் தடுக்கும். கை மருவும் பீட்டா கூட்டமும் அதில் இல்லை. 9 முதல் 14 வயதுக்குள் போட்டால் இரண்டு ஊசி, அதற்கு மேல் மூன்று. கர்ப்பப்பை வாய்க்கே அது பெரிய காவல், அந்தக் காரணமே போதும், பெண்பிள்ளைகளுக்குப் போடுங்கள்.

2018இல் அமெரிக்காவில் 97 வயதுப் பாட்டி ஒருவருக்குக் காலெல்லாம் தோல் கேன்சர். வெட்ட வழியில்லாமல் டாக்டர்கள் ஹெச்.பி.வி. தடுப்பூசி ஒன்றைக் கையிலும், கட்டிகளுக்குள்ளேயும் போட்டார்கள். கட்டிகள் கரைந்துவிட்டன. ஒரு பாட்டியின் கதைதான். அதைச் செய்தியில் படித்துவிட்டு, ‘அதே ஊசியை எனக்கும் எடுத்துக் கொடுங்கள்’ என்று கேட்டு வராதீர்கள்.

மருவுக்கு வீட்டு வைத்தியம் செய்யலாமா?

சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்து வைப்பது, முடியை இறுக்கிக் கட்டுவது, உப்பும் மிளகும் வாங்கிக் கோயிலில் போடுவது. மூன்றாவதில் ஒரு கெடுதலும் இல்லை, நானும் சின்ன வயதில் போட்டிருக்கிறேன், எனக்கும் போயிற்று. குழந்தைகளின் மருவில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருஷத்துக்குள் எதுவும் செய்யாமலே உதிர்ந்துவிடும் என்று மருந்தாளுநர் படிப்பு படிக்கும்போதுதான் தெரிந்தது. அம்மா மட்டும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

சுண்ணாம்பு வேண்டாம். தோல் வெந்து தழும்பாகும். கடையில் கிடைக்கும் சாலிசிலிக் ஆசிட் சொட்டுமருந்து போதும். இரவில் வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்து, மேலே வெளுத்த தோலைத் தேய்த்து எடுத்துவிட்டு, சுற்றிலும் வாசலின் தடவி, நடுவில் ஒரு சொட்டு. மூன்று மாதம் விடாமல். பத்து நாளில் போகவில்லை என்று பாட்டிலைத் திருப்பிக் கொண்டு வருகிறவர்களுக்குப் பதில் இதுதான்: மூன்று மாதம். முகத்தில் போடக்கூடாது. சர்க்கரை உள்ளவர்கள் காலில் போடவே கூடாது. அவசரமென்றால் டாக்டர் திரவ நைட்ரஜனால் உறைய வைப்பார், அல்லது கரண்டில் சுடுவார்.

லேபிள் இல்லாத பொட்டலத்தில் வரும் பஸ்பங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாடாணம் சேர்ந்த மருந்தைச் சரியாகச் சுத்தி செய்யாமல் வருஷக்கணக்கில் தின்றால் உள்ளங்கையிலும் பாதத்திலும் மரு மாதிரியே சொரசொரப்பான புள்ளிகள் வரும். அது வைரஸ் இல்லை, ஆர்சனிக். அதிலிருந்து கேன்சர் வரும்.

பாதத்தில் கறுப்பாக இருக்கிறது. ஆணியா?

செருப்பில்லாமல் தோட்டத்தில் நடக்கிறவர்கள் நிறைய உள்ள ஊர் இது. பாதத்து மருவைச் சீவினால் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரியும், அது உறைந்த ரத்தம், பயமில்லை. ஆனால் மை கொட்டியது போல ஓரம் ஒழுங்கில்லாமல் பரவுகிற கறுப்பு, நகத்துக்கடியில் அகலமாகிக்கொண்டே போகிற கறுப்புக் கோடு, கறுப்புத் திட்டு புண்ணாவது, இவை மெலனோமா என்கிற தோல் கேன்சராக இருக்கலாம். வெள்ளைக்காரர்களுக்கு அது முதுகிலும் காலிலும் வரும், நம் மாதிரித் தோலுக்குப் பாதத்திலும் நகத்திலும்தான் அதிகம். இதற்கும் வைரஸுக்கும் சம்பந்தம் இல்லை, வெயிலோடும் பெரிதாக இல்லை. மற்றத் தோல் கேன்சர்களைவிட இது வேகமாக உள்ளே போகும். கடையில் பிளேடு வாங்கிக்கொண்டு போய்ச் சீவாதீர்கள்.

மருவைக் காட்டிலும் பயப்பட வேண்டியது என்றால் எது?

இதை யாரும் கேட்பதில்லை. நான்தான் கேள்வியைச் சேர்த்திருக்கிறேன். காரணம் உண்டு.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு பெரியவர். பால்வெட்டுத் தொழிலாளி. இளவயதில் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையில் தீப்பிடித்துக் காலின் பின்பக்கம் முட்டிவரை வெந்துபோனது. ஆறி, தோல் இழுத்துப் பிடித்த தழும்பாக நின்றது. முப்பது வருஷத்துக்கு மேல். ஒருநாள் வந்து, “பழைய தழும்பு வெடிச்சிருக்கு மோளே, ஒரு களிம்பு கொடு” என்றார். கொடுத்தேன். மாதம் ஒரு டியூப். வேட்டி மறைத்திருக்கும், நானும் காட்டுங்கள் என்று சொல்லவில்லை. எட்டு டியூப் விற்றிருக்கிறேன், பில் புத்தகத்தில் பிறகு எண்ணிப் பார்த்தேன்.

எட்டாவது தடவை அவர் கவுண்டரில் சாய்ந்து நின்றபோது ஒரு வாடை வந்தது. உள்ளே அழைத்து உட்காரவைத்து வேட்டியை விலக்கச் சொன்னேன். உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஓரம் முழுக்கப் பூக்கோசு போலத் தடித்து எழும்பி, தொட்டால் கல்லாக இருந்தது. நடுவில் ஈரம். “வலிக்கவே இல்லை” என்றார். வலிக்காததால்தான் இத்தனை நாள். அன்றே மகனை வரச்சொல்லி அனுப்பினேன். சதை எடுத்துப் பார்த்தார்கள், செதிள் செல் புற்று. அகலமாக வெட்டி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். கால் தப்பியது. இப்போதும் வருகிறார், பிரஷர் மாத்திரைக்கு.

1828இலேயே மர்ஜோலின் என்ற பிரெஞ்சு சர்ஜன் தழும்பில் எழும்பும் இந்த மாதிரிப் புண்ணை எழுதி வைத்திருக்கிறார். தீத்தழும்பு, தொழுநோயில் மரத்துப்போன பாதத்துப் புண், எலும்பில் சீழ் பிடித்து வடிகிற ஓட்டை, இடுப்பில் வேட்டியோ பாவாடை நாடாவோ ஆண்டாண்டாக இறுக்கி உரசிய இடம், இவைதான் நம்மைப் போன்ற தோலுக்குக் கேன்சர் வருகிற வாசல்கள். வைரஸ் இங்கே காரணமில்லை. என் கடையில் மருவைக் காட்டி நடுங்குகிறவர்கள் நாளுக்கு நாலு பேர். ஆறாத புண்ணைக் காட்டி நடுங்கியவர் ஒருவர்கூட இல்லை. இப்போதெல்லாம் ஒரே ஆள் மூன்றாவது டியூப் களிம்பு கேட்டால் நான் கொடுப்பதில்லை, காட்டச் சொல்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

கருமணலால் தோல் கேன்சர் வருகிறது என்கிறார்களே?

மணவாளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கேட்பது. அந்த மணலில் மோனசைட் என்கிற தாது இருக்கிறது, அதில் தோரியம், அதனால் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல். அதே மணல் உள்ள கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில் கிட்டத்தட்ட 70 ஆயிரம் பேரைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள். இயற்கைக் கதிர்வீச்சால் கேன்சர் கூடியதாகத் தெரியவில்லை. வெற்றிலையோடு புகையிலை மெல்லுவது இந்தக் கடற்கரையில் அதைவிட எத்தனையோ பேரைக் கொண்டுபோகிறது. வருஷம் முழுக்க வள்ளத்தில் வெயில் வாங்குகிறவர்கள் கீழுதட்டில் ஆறாத வெடிப்பு இருந்தால் காட்டுங்கள்.

வெண்புள்ளி உள்ளவர்களுக்குத் தோல் கேன்சர் சீக்கிரம் வருமா?

வராது. ஆய்வுகளில் கொஞ்சம் குறைவாகவே தெரிகிறது. பிறவியிலேயே உடம்பு முழுக்க வெளுத்து, முடியும் வெளுத்துப் பிறக்கிறவர்கள் வேறு, அவர்களுக்கு வெயில் உண்மையிலேயே எதிரி. குழந்தையிலிருந்தே முழுக்கை, தொப்பி, சன்ஸ்கிரீன்.

தோல் கேன்சர் உள்ளவரைத் தொட்டால் ஒட்டுமா?

ஒட்டாது. மரு ஒட்டும், துண்டு, சவரக்கத்தி, நகவெட்டி வழியாக. கேன்சர் ஒட்டாது. தனித்தட்டு, தனி டம்ளர் எதுவும் வேண்டாம்.

சதை எடுத்துச் சோதித்தால், கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார்களே? எங்கே போவது?

கத்தி பட்டு யாருக்கும் பரவுவதில்லை. பரவியபின் கத்தியிடம் போகிறவர்களைப் பார்த்து ஊர் அப்படிச் சொல்கிறது. தோலில் செய்வது சின்ன வேலை, மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் முனை அளவு சதையைக் குடைந்து எடுத்து, ஒன்றிரண்டு தையல். அன்றே வீட்டுக்கு வரலாம்.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981 முதல் ஆர்.சி.சி. என்கிற மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. எடுத்தவுடன் ஆர்.சி.சி.க்கு ஓட வேண்டாம், பக்கத்து ஊர்த் தோல் டாக்டரிடம் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு போங்கள். போகும்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் அட்டையையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள், நாட்டு மருந்து உட்பட. புண்ணில் களிம்போ மஞ்சளோ பூசிக்கொண்டு போகாதீர்கள், டாக்டர் முதலில் அதைக் கழுவிவிட்டுத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.